அறுபதுக்குக் கீழே

பிரிட்டனில் பட்டம் வாங்கியவரிடம் எத்தனை மதிப்பெண் என்று யாரும் கேட்பதில்லை. எந்த வகுப்பு என்றுதான் கேட்பார்கள். சராசரி 70-ஐத் தொட்டால் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்படி, 50 முதல் 59 வரை அதன் கீழ்ப்படி. மேல்படிக்குப் பேச்சுவழக்கில் ‘டூ ஒன்’ என்று பெயர், கீழ்ப்படிக்கு ‘டூ டூ’. அந்த ஓசை தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் பெயரோடு ஒட்டிக்கொண்டதால், அங்குள்ள மாணவர்கள் கீழ்ப்படிக்கு ‘டெஸ்மண்ட்’ என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் டெஸ்மண்ட் வாங்கிய ஒருவர் கன்சல்டிங் நிறுவனத்துக்கு, அதாவது மற்ற நிறுவனங்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் நிறுவனத்துக்கு, ஆன்லைனில் விண்ணப்பிக்க உட்கார்ந்தால் சிரிப்பு நின்றுவிடும். எந்த வகுப்பு என்ற இடத்தில் உண்மையைச் சொன்னதும், டூ ஒன் கேட்கும் நிறுவனங்களில் அவருடைய விண்ணப்பம் மனிதக் கண்ணில் படாமலே கழிந்துபோகும். நம் ஊர் கேம்பஸ் தேர்வில் ‘பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் இருக்க வேண்டும், அரியர் கூடாது’ என்பார்களே, அதற்கு இது பங்காளி முறை.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் புரிந்துகொண்டால்தான் நடுத்தர மதிப்பெண்காரர் தன் சக்தியை எங்கே செலவிடுவது என்பது தெரியும். சில நூறு இடங்களுக்குப் பல ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். அத்தனை பேரையும் அழைத்துப் பேச ஆளும் இல்லை, பணமும் இல்லை. செலவில்லாமல் ஒரு பகுதியினரைக் கழித்துவிடும் சல்லடை ஒன்று வேண்டும். பல்கலைக்கழகமே இலவசமாகச் செய்து கொடுத்த சல்லடைதான் இந்த வகுப்பு. வாசலைத் தாண்டியபின் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. உள்ளே நடக்கும் நேர்முகத்தில், ‘லண்டனில் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை காபி விற்கும்?’ என்றோ, ‘இந்தப் பல்பொருள் அங்காடிக்கு லாபம் ஏன் குறைகிறது?’ என்றோ ஒரு புதிரைக் கொடுத்து, விண்ணப்பதாரர் அதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார் என்று கவனிப்பார்கள். மூன்றாம் ஆண்டுப் பொருளாதாரத் தாளில் அவர் வாங்கிய 56-ஐ அங்கே யாரும் பேச்சில் எடுப்பதில்லை.

அந்தச் சல்லடையைப் பயன்படுத்தியவர்களே அதைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்று நாம் அறிந்த இ.ஒய். ஆலோசனை நிறுவனம், தன்னிடம் சேர்ந்த 400 பட்டதாரிகளின் தேர்வு விவரங்களை ஆராய்ந்தபின், 2015 ஆகஸ்டில் பிரிட்டனில் பட்ட வகுப்பு நிபந்தனையை நீக்குவதாக அறிவித்தது. மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கழிப்பது மொண்ணையான கத்தி என்பது அவர்கள் முடிவு. அதே ஆண்டு அதன் போட்டி நிறுவனமான டெலாய்ட், விண்ணப்பதாரர் எந்தப் பல்கலைக்கழகம் என்பதை நேர்முகம் நடத்துபவருக்கு மறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2022-இல் இன்னொரு போட்டி நிறுவனமான பி.டபிள்யூ.சி. தன் பெரும்பாலான பட்டதாரி வேலைகளுக்கு டூ ஒன் நிபந்தனையைக் கைவிட்டது. இவை தர்ம காரியங்கள் அல்ல. நல்ல ஆளைப் போட்டி நிறுவனத்திடம் இழந்துகொண்டிருக்கிறோமோ என்ற வியாபாரக் கணக்கும் இதில் இருக்கிறது.

‘அப்படியானால் மதிப்பெண்ணுக்கு மதிப்பே இல்லையா?’ என்று கேட்கலாம். இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. 1996-இல் அமெரிக்காவில் ஃபிலிப் ராத் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத்திறனுக்கும் ஓரளவு தொடர்பு இருப்பது தெரிந்தது. ஆனால் பட்டம் வாங்கி ஆண்டுகள் ஆக ஆக அந்தத் தொடர்பு தேய்ந்துகொண்டே போனது. ஆள் தேர்வு முறைகளை ஒப்பிட்டு 2022-இல் பால் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட மறு ஆய்வில் முதலிடம் பெற்றது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் ஒழுங்கான நேர்முகம். ஆக, பட்ட வகுப்பு ஒருவரைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. அது சொல்வது கொஞ்சம்; அதுவும் சீக்கிரம் பழசாகிவிடும். நடுத்தர மதிப்பெண்காரர் செய்ய வேண்டியது அதற்காக வருந்தி விளக்கக் கடிதம் எழுதுவதல்ல. அது சொல்லாமல் விட்டதைச் சொல்லும் புதிய சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சான்றைப் பார்க்கத் தயாராக உள்ள வாசலைத் தேடிப் போவதுதான். உடல்நலக் குறைவு, வீட்டில் மரணம் போன்ற காரணத்தால் மதிப்பெண் சரிந்திருந்தால், அதைத் தெரிவிக்கப் பல நிறுவனங்கள் வழி வைத்திருக்கின்றன. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வகுப்பை மாற்றிச் சொல்வது மட்டும் ஆகாது. வேலை கொடுத்தபின் சான்றிதழைச் சரிபார்ப்பார்கள்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. இங்கிலாந்தில் முதல் வகுப்பு வாங்குவோர் 2010–11-இல் சுமார் 16 சதவீதம். பத்தே ஆண்டுகளில் அது 37 சதவீதத்தைத் தாண்டியது. டூ ஒன்னையும் சேர்த்தால் அப்போது ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மேல்தட்டில்தான் இருந்தார்கள். எல்லோரும் ஏறிவிட்ட படியில் ஒருவர் மட்டும் ஏறவில்லை என்றால் சந்தேகம் வராதா? வரும். அதனால்தான் சான்று கனமாக இருக்க வேண்டும் என்கிறேன். ‘குழுவில் இணைந்து பணியாற்றும் திறன்’ என்று சுயவிவரத்தில் ஒரு வரி எழுதுவது சான்று ஆகாது. பகுதிநேரமாக வேலை பார்த்த கடையில் சரக்கு இருப்புக் கணக்கை ஒழுங்குபடுத்தி வீணாவதைக் குறைத்திருந்தால், முன்பு எவ்வளவு, பிறகு எவ்வளவு என்ற இரண்டு எண்கள்தான் சான்று. கன்சல்டிங் தொழிலின் சாரமே அதுதான்: குழப்பமான ஒரு நிலைமையைக் கூறு போட்டு, எண்ணால் அளந்து, என்ன செய்யலாம் என்று தெளிவாகச் சொல்வது. அதைச் சின்ன இடத்தில் செய்து காட்டியவரின் பேச்சு நேர்முக அறையில் எடுபடும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கசப்பானது. மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் தகுதி வந்து உட்கார்ந்துவிடுமா? லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் உயர்தட்டு ஆலோசனை, வங்கி, சட்ட நிறுவனங்களின் ஆள் தேர்வை உள்ளிருந்தே ஆராய்ந்து 2015-இல் ஒரு நூல் வெளியிட்டார். தேர்வாளர்கள் பெரிய கல்லூரிப் பெயரையும், செலவு பிடிக்கும் பொழுதுபோக்குகளையும், தங்களைப் போலவே பேசிப் பழகும் தோரணையையும் பெரிதாக மதித்ததை அவர் காட்டினார். பரீட்சைத் தாளுக்காவது குடும்பம் தெரியாது, தோரணைக்குத் தெரியும். இந்தக் குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நேர்முகப் புதிரைப் பிரிக்கும் கலை பிறவியில் வருவதல்ல. ஒரு நண்பரை எதிரில் உட்காரவைத்து, இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று புதிர் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் வந்துவிடும். இதற்குக் கட்டணப் பயிற்சி வகுப்பு தேவையில்லை; கடந்த மூன்று ஆண்டுப் பரீட்சையைத் திரும்ப எழுத முடியாதவருக்கு இது பெரிய ஆறுதல்.

வாசலையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெக்கின்ஸி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெய்ன் ஆகிய மூன்று ஆலோசனை நிறுவனங்களும் மிகச் சிலரையே எடுப்பவை. அங்கே கல்விச் சாதனைக்கு இன்றும் எடை அதிகம். டெஸ்மண்டோடு நேரே அங்கே போய் முட்டுவது பெரும்பாலும் வீண். சுற்றுவழி இருக்கிறது. பிரிட்டன் அரசின் ‘ஃபாஸ்ட் ஸ்ட்ரீம்’ அதிகாரிப் பயிற்சித் திட்டத்தின் பெரும்பாலான பிரிவுகளுக்கு டூ டூ போதும். தேசிய சுகாதார சேவையின் பட்டதாரி நிர்வாகப் பயிற்சிக்கும் அதுவே குறைந்தபட்சத் தகுதி. மருத்துவமனை நிர்வாகத்தை இரண்டு மூன்று ஆண்டுகள் உள்ளிருந்து பார்த்தவருக்கு, சுகாதாரத் துறைக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களில் அனுபவசாலி என்ற மரியாதை கிடைக்கும். அப்போது பழைய வகுப்பு சுயவிவரத்தின் கடைசி வரிக்கு இறங்கியிருக்கும். இதைத் தாமதம் என்று சிலர் நினைக்கலாம். ஒரே மாதிரி நூறு விண்ணப்பங்களை அனுப்பி ஓராண்டைக் கரைப்பதைவிட இது குறுக்குவழி என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஓராண்டு முதுநிலைப் படிப்புக்காக பிரிட்டனுக்குப் போகும் மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு தகவல். இங்கே வாங்கிய 60 சதவீதம் அங்கே எந்த வகுப்புக்குச் சமம் என்று எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு வேலைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே திறக்கின்றன. இடங்கள் நிரம்பிவிட்டால் அறிவித்த தேதிக்கு முன்பே மூடிவிடுவார்கள். நீங்கள் செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறும்போது சில கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டிருக்கும். படிவங்களைச் சென்னையில் இருக்கும்போதே நிரப்பத் தொடங்குங்கள்.