வயது வந்தபின் அயல்மொழி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வயது வந்தபின் அயல்மொழி பயிலுவதைப் பற்றிப் பேசும்படி எங்களுக்குக் கட்டளை. அயல்மொழி என்றதும் பிரெஞ்சும் ஜெர்மனும் உங்களிற் சிலருக்கு நினைவு வந்திருக்கும். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் அது இயல்பே. நாங்கள் பேச வந்தது அதுவன்று. அயல் என்றால் பக்கத்து வீடு. பாமன்கடையிலே நமது பக்கத்து வீட்டார் மொழி சிங்களம்.

வெள்ளவத்தையிலிருந்து இங்கு வரும் வீதிக்கு டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை என்று பெயர். முன்னாளில் அது ஹை ஸ்ட்ரீட். அந்தச் சில்வா யார் என்று எங்கள் நண்பர்களைக் கேட்டோம். யாரோ மந்திரியாய் இருந்திருப்பார் என்றார்கள். 1890 முதல் 1957 வரை வாழ்ந்த அவர் ஒரு நாவலாசிரியர். அவருடைய ‘கெலே ஹந்த’ 1953இல் திரைப்படமாகவும் வந்தது. நாள்தோறும் அவர் வீதியில் நடக்கிற நாம் அவர் எழுத்தில் ஒரு வரி வாசித்ததில்லை. எங்களையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

நாங்கள் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். சிங்களமும் ஒரு பாடமாய் இருந்தது. பசுவைப் பற்றிப் பத்து வசனம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினோம். ஆனால் சர்வகலாசாலைக்குப் போகும் பஸ்ஸிலே மிச்சக் காசு கேட்க வாய் எழவில்லை. புத்தகத்திற் கண்ட ‘ஒப’ என்ற மரியாதைச் சொல்லால் கொண்டக்டரை விளித்தபோது, அவர் சினிமாப் பாட்டுக் கேட்டவர்போலச் சிரித்தார். ஏட்டுத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரம் சிங்களத்திலும் உண்டு என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

சிரிப்போடு போனால் பாதகமில்லை. எங்களுள் ஒருவருடைய தாயார் ஒரு கந்தோரிலே சிங்களத்தில் எழுதிக் கொடுத்ததை வாசித்தறியாமல் ஒப்பமிட்டார். வீட்டுக்கு வந்தபின் அடுத்த வீட்டு நோனா வாசித்துச் சொல்லியே தெரிந்தது: சொந்த வீட்டில் இருப்பவரை வாடகைக்கு இருப்பவர் என்று எழுதியிருந்தது. அதைத் திருத்த ஏழு மாதம் அலைந்தார்கள். ஒப்பமிட்டபோது மகன் பக்கத்திலேயே நின்றான். பத்தாண்டு சிங்களப் பாடம் படித்தவன்.

பெரியோர்களின் மனத்தில் இருப்பது எங்களுக்குத் தெரியாததன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. நரை கண்ட வயதில் தமிழ் உத்தியோகத்தர் சிங்களப் பரீட்சைக்கு இருக்க நேர்ந்தது. மாட்டோமென்று உத்தியோகத்தை விட்டவர்களும் உண்டு. அவர்களை வெறும் பிடிவாதக்காரர் என்று நாங்கள் ஒருகாலம் எண்ணினோம். இன்று அப்படி எண்ணவில்லை. தடியைக் காட்டிக் கொடுக்கும் பாலை எந்தப் பிள்ளையும் குடியாது. 1987இல் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 2007 யூலைக்குப் பின் சேர்ந்த அரச உத்தியோகத்தர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்ற விதியும் வந்தது. ஆகவே நாம் சிங்களம் பயிலுவதனால், தமிழிற் படிவம் கேட்கும் உரிமை நம்மை விட்டுப் போய்விடாது.

“நாம் சிங்களம் பேசத் தொடங்கினால் அவர்கள் ஏன் தமிழ் படிக்கப் போகிறார்கள்?” என்று ஒரு மாமா எங்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. முழு விடை எங்களிடம் இல்லை. ஆனால் அந்தக் கந்தோரில் நின்ற தாயாருக்கு அந்த வாதம் கைகொடுக்கவில்லை.

இனி, இந்த வயதில் நாவு வளையுமா? ஆங்கிலம் அறிந்த 6 இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மொழியின் இலக்கணத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் ஏறக்குறைய 17 வயது வரை நின்று பின் இறங்குகிறது என்கிறது. எங்களுக்கு அவ்வயது கடந்துவிட்டது. ஆயினும் அவர்கள் அளந்தது, அம்மொழியிற் பிறந்தவருக்குச் சமானமாக நிற்பதை. கடையிலும் கந்தோரிலும் தலைநிமிர்ந்து பேச அத்தனை வேண்டியதில்லை.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயது. எங்களில் மூத்தவரின் வயது. மதம் பரப்ப வந்தவர் என்பது நமக்குத் தெரியும். அதை அவரோடு விட்டு, அவர் பட்ட பாட்டை மட்டும் பாருங்கள். உபாத்தியாயர் ஒருவரை அமர்த்தி, சின்னப் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து மணலிலே விரலால் அரிச்சுவடி எழுதினார். இரண்டாண்டில், 1708இல், தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு ஓர் அட்டவணையே வரைந்தார்; அதில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள். 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சாயிற்று. 1719இல், நாற்பதைக் காணாமலே இறந்துபோனார். 1839இல் சென்னைக்கு வந்த போப்பையரோ நெடுநாள் வாழ்ந்து, 1900இல், 80 வயதில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நாம் கோயிலிற் பாடுகிற திருவாசகம்!

எங்களுக்கு வெட்கம் தருவது அந்த மணல்தான். படித்தவர் என்ற பெயர் வந்தபின் பிழையாகப் பேசக் கூச்சம் வந்துவிடுகிறது. பிள்ளைக்கு அது இல்லை.

மொழியோ அத்தனை கடினமுமன்று. சொற்கள் நிற்கும் வரிசை தமிழைப் போன்றதே. பேச்சிலே நான், நீ, அவள் எவருக்கும் ‘யனவா’ என்ற ஒரே வினை போதும். போகிறேன், போகிறாய், போகிறாள் என்ற தொல்லை இல்லை. கடே, சல்லி, அம்பலம எல்லாம் நம் வீட்டிலிருந்து போன சொற்கள். ‘அய்யா’ என்ற இடத்தில் மட்டும் கவனம். அது அங்கே அண்ணனைக் குறிக்கும். நமது ககரம் ஒன்றுக்கு அங்கே பல எழுத்து உண்டு என்பதும் முதலிற் சற்று இடறும்.

நாங்கள் பேசி வைத்திருப்பது இதுதான். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலைகளில் இந்த மண்டபத்திலே ஒரு வகுப்பு நடக்கும். இளைப்பாறிய சிங்கள ஆசிரியை ஒருவர் வருவதாகச் சம்மதித்திருக்கிறார். சம்பளம் வேண்டாம் என்றார். பாதி நேரம் தமக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும் என்பதே அவர் நிபந்தனை. அவருக்கு வயது 68. தமிழ் சொல்லிக்கொடுக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பெரியோர்களில் விருப்பமுள்ளவர்கள் விழா முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.