சுவரைப் படித்த ஜப்பானியர்



முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனால், சைக்கிளைச் சாத்தி வைப்பது கல்வெட்டு இருக்கிற சுவரில்தான். ஹேண்டில்பார் உரசி உரசி நாலைந்து எழுத்து தேய்ந்தே போயிருக்கும். அது எழுத்து என்றுகூட எனக்குத் தெரியாது. ஏதோ கொத்துவேலை என்று நினைத்தேன்.

நான் சைக்கிள் சாத்திய அந்த மாதிரிச் சுவர்களைப் படிப்பதற்காகவே டோக்கியோவிலிருந்து ஒருவர் கிளம்பி வந்தார். பெயர் நொபொரு கராஷிமா. 1933இல் பிறந்தவர். ஜப்பானில் வெளிநாட்டு இலக்கியத்துக்கு வாழ்க்கையையே கொடுத்தவர்கள் உண்டு. கஸுவோ வதனாபே என்ற பேராசிரியர் ரபலே என்ற பழைய பிரெஞ்சு எழுத்தாளரை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவருவதில் பல ஆண்டுகள் மூழ்கிக் கிடந்தார்.  பாரிசுக்கு மனத்தைக் கொடுத்தவர் ஒருவர் என்றால், நம் ஊர்க் கருங்கல்லுக்குக் கொடுத்தவர் கராஷிமா.

1960களின் தொடக்கத்தில் கராஷிமா சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கல்வெட்டுத் துறை அலுவலகம் அப்போது ஊட்டியில் இருந்தது. அங்கே போய் மைப்படிகளோடு உட்கார்ந்தார். மைப்படி எப்படி எடுப்பார்கள் தெரியுமா? முதலில் சுவரைத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டுவார்கள். தூரிகையால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மை ஒத்துவார்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாகவே நிற்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு நில விற்பனை, கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகக் கண்முன்னே வந்துவிடும்.

நாம் கல்வெட்டைப் பார்த்தால் என்ன தேடுவோம்? ராஜாவின் பெயரைத் தேடுவோம். அவர் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியைப் படித்துப் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்துவிடுவோம். மெய்க்கீர்த்தி முடிகிற இடத்தில்தான் கராஷிமாவின் வேலையே ஆரம்பமாகும். நிலத்தை விற்றவன் யார், வாங்கியவன் யார், எவ்வளவு நிலம், என்ன வரி, கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று பார்ப்பார். பார்த்ததை எண்ணுவார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்கள். இவற்றின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டில் கட்டுரை படித்தார். ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த ஊர். அங்கே நிலம் தனித்தனி ஆட்களின் கையில் இருந்தது. அல்லூரிலோ ஊராருக்குப் பொதுவாக இருந்தது. காலம் போகப் போக, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மற்ற ஊர்களிலும் நிலம் தனியார் கைக்கு மாறியதை அடுத்தடுத்த ஆய்வுகளில் காட்டினார். இந்தியக் கிராமம் என்றைக்கும் மாறாதது என்று ஐரோப்பாவில் பலர் எழுதி வைத்திருந்தார்களே, அதற்கு நம் கோயில் சுவரையே சாட்சிக்கு அழைத்துப் பதில் சொன்னார்.

எ. சுப்பராயலு, தோரு மாட்சுய் இருவரோடும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு ஓர் அகராதி செய்தார். 1978இல் மூன்று பகுதிகளாக வந்தது. வெறும் பெயர்ப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 'மூவேந்தவேளான்' என்ற பட்டம் எந்த அரசர் காலத்தில் பெருகுகிறது என்று அதில் எண்ணிப் பார்க்கலாம். ராஜராஜன் காலத்தில் பெருகுகிறது. உள்ளூர்ப் பெரிய மனிதர்களை அரசு தன் அதிகாரிகளாக இழுத்துக்கொண்டது அதிலிருந்து தெரிகிறது. ராஜராஜனைப் பற்றி நாம் எத்தனையோ வசனம் பேசியிருக்கிறோம். அவன் அரசு எப்படி நடந்தது என்பதை இந்த எண்ணிக்கை சொல்லுகிறது.

இது காவிரிக்கரைக் கதை, செங்கல்பட்டுக்காரர்களான நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் திருக்கழுக்குன்றத்தில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஸ்கந்தசிஷ்யன் என்ற பல்லவன் கொடுத்த தானத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காத்து நடத்தினான். அதையே நானும் நடத்துகிறேன் என்கிறான் அதில் ஆதித்தன். மாமல்லபுரத்துக்குத் தன் பெயரைத் தந்த அதே மாமல்லன்தான். வம்சமே மாறிய பிறகும் தானம் மாறவில்லை. குடத்தில் ஓலையிட்டு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைக் கல்வெட்டில் சொல்லும் உத்திரமேரூரும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். அதற்கும் பிற்பட்ட காலத்துக்கு வந்தால், 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயர் இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை வைத்து நம் ஊர்களின் மிராசு முறையை, அதாவது பரம்பரைப் பங்கு உரிமையை, ஆராய்ந்தவர்களில் ஒருவர் ட்சுகாசா மிசுஷிமா. அவரும் டோக்கியோவில் பேராசிரியராக இருந்தவர்தான். நம் தாத்தாவின் தாத்தா எந்த ஊரில் என்ன பங்கு வைத்திருந்தார் என்பதை விசாரிக்க ஜப்பானிலிருந்து ஆள் வருகிறது!

கராஷிமாவுக்குக் கல் மட்டுமா பிடிக்கும்? நம் சாப்பாடும் பிடிக்கும். மனைவி தகாகோவோடு சேர்ந்து கறியைப் பற்றி ஜப்பானிய மொழியில் புத்தகமே எழுதினார். ஆனால் பிடித்த வீடு என்பதற்காக வீட்டுக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர் இல்லை. உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்துக்கு 1989 முதல் தலைவராக இருந்தார். 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். அடுத்த மாநாட்டுக்குத் தமிழக அரசு அவசரப்படுத்தியபோது, ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுத அவகாசம் வேண்டும் என்றார். கேட்ட அவகாசம் கிடைக்கவில்லை. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது அவர் ஒதுங்கியே இருந்தார். இதில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் தமிழுக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டவரைத் தமிழுக்கு அந்நியர் என்று எப்படிச் சொல்வது?

2013இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. டோக்கியோவுக்குப் போன பிரதமர் மன்மோகன் சிங் அங்கேயே அதை வழங்கினார். 2015 நவம்பரில் கராஷிமா காலமானார்.

அவருக்குச் சிலை வையுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. பள்ளிச் சீருடையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போங்கள். கல்வெட்டுச் சுவர் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். 'க' எங்கே இருக்கிறது, 'ம' எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எத்தனை கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. திருப்பணி என்று சுண்ணாம்பு வாளியோ மணல் பீய்ச்சும் எந்திரமோ உள்ளே வந்தால், குறுக்கே நின்று, 'இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது, படித்துவிட்டீர்களா?' என்று கேளுங்கள்.

நான் போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அந்தச் சுவரில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. நகர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தேன். ஹேண்டில்பார் உரசிய இடத்துக்குக் கீழே, முழுசாக ஒரு வார்த்தை எனக்குப் படிக்கக் கிடைத்தது: 'நிலம்'.