மலைக்கல்லும் கடற்கரை இசைவும்

(செங்கோட்டையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடற்கரையில் கட்டுமானம் எழுப்ப இசைவு பெறும் முறைக்கும் மலையடியூராகிய செங்கோட்டைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். குற்றாலச் சாரல் படும் ஊர் இது. அலையோசை கேட்கும் ஊர் அன்று. ஆயினும் புளியரைச் சாலையோரம் ஒரு நாழிகை நின்றவர்க்கு விடை தானே கிடைக்கும். கல்லும் மணலும் சுமந்த உந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் மேற்கே மலையேறுகின்றன. அதனை எதிர்த்து இம்மாவட்ட மக்கள் பலமுறை குரல் எழுப்பியுள்ளனர். மலைக்கு அப்பால் வீட்டுக்கும் சாலைக்கும் கல் வேண்டியிருப்பது ஒருபுறம். கடலுக்குள் கொட்டவும் கல் வேண்டியிருந்தது மற்றொருபுறம். அக்கடல் விழிஞக் கடல்.

விழிஞம் தமிழர்க்கு வேற்றூர் அன்று. பொதியில் மலைநாட்டை ஆண்ட ஆய் வேளிரின் துறையும் கோட்டையும் அங்கேதான் இருந்தன. மலையும் கடலும் ஒரே குடையின்கீழ் நின்ற காலம் அது. திருவிதாங்கூர் ஆட்சியிலும் செங்கோட்டையும் விழிஞமும் ஒரே நாட்டில் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது; விழிஞம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நடுவே விழுந்தது. ஆனால் கல்லுக்கு அக்கோடு தெரியவில்லை.

கடற்கரைச் சட்டம் பிறந்த வகையை முதலில் அறிதல் வேண்டும். 1981ஆம் ஆண்டு தலைமையமைச்சர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு மடல் எழுதினார். உயர் ஓதம் தொடும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையைக் காக்கவேண்டும் என்பது அதன் கருத்து. 1991ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் நடுவணரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. 2011இலும் 2019இலும் அதற்கு மாற்றாகப் புதிய அறிவிக்கைகள் வந்தன. நாட்டுப்புறக் கரையில் 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்றிருந்த விதி, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்களுக்கு 2019இல் 50 மீட்டராய்ச் சுருங்கியது.

இசைவு வேண்டுவோர் உயர் ஓதக் கோட்டையும் தாழ் ஓதக் கோட்டையும் காட்டும் வரைபடத்தையும் சூழல் தாக்க அறிக்கையையும் மாநிலக் கடற்கரை மேலாண்மை ஆணையத்திடம் தரவேண்டும். ஆணையம் ஆய்ந்து பரிந்துரைத்தபின் பெரிய திட்டங்களுக்கு நடுவண் அமைச்சகம் இசைவளிக்கும். இம்முறையில்தான் 2014ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் விழிஞத் துறைமுகத்திற்கு இசைவு கிடைத்தது.

அவ்விசைவை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. இயற்கை எழில் மிக்க கரைகளுக்கு 1991ஆம் ஆண்டு அறிவிக்கை தந்த காப்பு 2011இல் நீக்கப்பட்டது ஏன் என்பதும் அவ்வழக்கில் எழுந்த வினா. 2016ஆம் ஆண்டு செப்தம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பசுமைத் தீர்ப்பாயம் இசைவை நீக்க மறுத்தது. கட்டுப்பாடுகள் சிலவற்றை விதித்தது. 2022இல் அப்பகுதி மீனவர் நூறு நாள்களுக்கு மேல் போராடினர். கரை அரிக்கப்பட்டு வீடிழந்தோர் அவர்களுள் பலர். அரிப்புக்குத் துறைமுகப் பணியே காரணம் என்றனர் மீனவர்; அரசு அதனை ஒப்பவில்லை. துறைமுகம் 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் திறக்கப்பட்டது.

இனி, கல்லின் கதைக்கு வருவோர் கருதவேண்டியது இது. அத்துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம். 2015 திசம்பரில் பணி தொடங்கியபோது ஆயிரம் நாள்களில் முடியும் என்றனர். 2017இல் ஒக்கிப் புயல் சுவரின் ஒரு பகுதியைச் சிதைத்தது. கல் தட்டுப்பாடும் பணியை நீட்டியது. தமிழகத் தென்மாவட்டங்களிலிருந்தும் கல் வாங்கப்பட்டது. துறைமுகத்திற்கு இசைவு தந்தோர் கரையைப் பார்த்தனர். குவாரி எனப்படும் கற்குழிக்கு இசைவு தருவோர் அக்குழியை மட்டும் பார்க்கின்றனர். கரை எத்துணைக் கல்லை விழுங்கும், அதற்கு எத்தனைக் குன்றுகள் கரையும் என்று இரண்டையும் ஒருசேரக் கூட்டிப் பார்ப்பவர் எவர்? 5 எக்டேருக்குக் குறைந்த குழியானாலும் சூழல் இசைவு வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. ஆணை நன்று. ஆனால் அக்கல் எங்கே போகிறது என்ற வினா இன்னும் விடையின்றி நிற்கிறது.

அவையோரே! இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது மொழிக்குறை. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக்கேட்பின்போது சூழல் அறிக்கையின் சுருக்கம் மட்டுமே மாநில மொழியில் தரப்படவேண்டும். பல நூறு பக்கம் விரியும் முழு அறிக்கையோ ஆங்கிலத்தில் கிடக்கும். 2020இல் அவ்வறிவிக்கைக்கு மாற்றாக வந்த வரைவு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியாயிற்று. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பத்து நாளுக்குள் அதனைப் பெயர்த்து வெளியிடுக எனச் சூன் 30ஆம் நாள் தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட்டது. நடுவணரசு பெயர்த்துத் தராமல், அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றம் சென்றது.

தமிழில் சொல் இல்லையா? ஓதம், கழி, கானல், எக்கர், நெய்தல் என்று கரையின் ஒவ்வொரு கூறுக்கும் பெயரிட்ட மொழி இது. வலை உலர்த்தும் மணல்மேட்டைத் தன் பயன்படு நிலம் என்கிறான் மீனவன். அதையே வெற்றுநிலம் என்று அறிக்கை எழுதுமானால், அவன் அறியாத மொழியில் அவன் நிலம் பறிபோகிறது. கரைக்கு நேரும் இதுவே குன்றுக்கும் நேரும்.

ஆகவே செங்கோட்டை மக்களும் தென்காசி மக்களும் செய்யவேண்டியவை மூன்று. முழு அறிக்கையையும் தமிழில் தருக என்று மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்டால், கூட்டத்துக்கு முன் தரப்படும் 30 நாளை வீணாக்காமல் எதிர்ப்பையும் ஐயத்தையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடியுமுன் குறிப்பைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள், அது விதி தந்த உரிமை. மூன்றாவதாக, ஒவ்வொரு கற்குழி வேண்டுகையின்போதும் இந்தக் கல் எந்தக் கரைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

துறைமுகம் வேண்டாம் என்பதன்று இவ்வுரையின் கருத்து. கொடுப்பவன் மலையும் இழப்பவன் கரையும் அறியாமல் தரப்படும் இசைவு முழுமையான இசைவன்று என்பதே கருத்து. விழிஞத்து மீனவனும் புளியரை உழவனும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். அக்கணக்கு மக்கள் மொழியில் எழுதப்படும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.