சத்து மாத்திரையும் பச்சைக் குறியும்



நம் இல்லத்து முதியோர் பலர் இன்று பி12, டி3 ஆகிய வைட்டமின்களை உட்கொள்கின்றனர். ஊன் தவிர்ப்போர்க்கு உணவின்வழி பி12 போதிய அளவு கிட்டுவது அரிது. ஆகவே மருத்துவர் அதனைப் பரிந்துரைப்பது தக்கதே. ஐயம் எழுவது அதனைப் பொதிந்த உறையைப் பற்றி. கேப்சூல் உறைகளுள் பல ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டினோ விலங்குகளின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது.

இதனை நமக்கு அறிவிக்கும் கடமை விற்போர்க்கு உண்டா? அது உரிமத்தைப் பொறுத்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ், ஊட்டச்சத்துப் பொருள்களுக்கென 2016-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, மருந்தாகப் பயன்படுத்துதற்குரியதன்று என்னும் எச்சரிக்கையும், நாளொன்றுக்குக் கொள்ளத்தக்க அளவும் மேலுறையில் இடம்பெற வேண்டும். உணவு வகையைச் சார்ந்தமையால் சைவ, அசைவக் குறியும் கட்டாயம். அதே பி12, மருந்து உரிமம் பெற்று வருமாயின், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்திற்கு உட்பட்டதாகிவிடும். ஆங்கு அக்குறி கட்டாயமன்று. கடையில் அருகருகே கிடக்கும் இரண்டனுள் ஒன்று உண்மை உரைக்க, மற்றொன்று வாய் திறவாதிருக்கிறது. இது முறையன்று என்பதே என் துணிபு. 14 இலக்க உணவு உரிம எண் இருப்பின், அது உணவாக விற்கப்படுவது என அறியலாம்.

பச்சைக் குறி இருப்பினும் நமக்கு ஐயம் முற்றும் தீர்வதில்லை. தேன் புட்டியிலேயே அக்குறியைக் காண்கிறோம் அன்றோ! சட்டத்தின் சைவம் வேறு, நம் நோன்பின் சைவம் வேறு. டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து ஆக்கப்படுகிறது. பூஞ்சையும் பாசியும் இணைந்த லைக்கென் என்னும் உயிரினத்திலிருந்து பெறுவதும் உண்டு. எது என்பதை விற்பவரிடம் வினவியே தெளிய வேண்டும். ஜெலட்டின் உறைக்கு மாற்றாகத் தாவரச் செல்லுலோஸ் உறைகள் உள்ளன. உறையே இல்லாத, மென்று உண்ணும் மாத்திரைகளும் உள்ளன. மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

அளவினையும் நோக்குக. கால்சியம் மாத்திரையிலேயே டி3 சேர்ந்திருப்பதுண்டு. அதனை அறியாது தனியே டி3-யும் உண்போர் உளர். டி3 கொழுப்பில் கரைவது. மிகின் உடலில் தங்கி, குருதியில் கால்சியத்தைப் பெருக்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

ஒவ்வாமை ஏதும் நேரின் டப்பாவை எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள தொகுதி எண்ணும் கடை ரசீதும் இருந்தால், உணவு உரிமம் பெற்றதற்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமும், மருந்து உரிமம் பெற்றதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் முறையிடலாம்.