காட்டியதும் காட்டாததும்

தீவு என்ற சொல்லுக்கே ஒரு கவர்ச்சி உண்டு. நாற்புறமும் நீலக் கடல், கரையெங்கும் வெண்மணல், காற்றில் தலையசைக்கும் தென்னைகள் என ஒரு சித்திரம், அச்சொல்லைக் கேட்டவுடனேயே நம் மனத்தில் எழுந்துவிடுகிறது. பிரயாண நிறுவனத்தார் இந்தச் சித்திரத்தை நன்கு அறிந்தவர்கள். அதையே வழுவழுப்பான தாளில் அச்சிட்டு நமக்கு அனுப்புகிறார்கள். அங்கே போய் இறங்கியபின், கையிலுள்ள படத்தையும் கண்முன் உள்ள இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'இவ்வளவுதானா?' என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர். மாணவ நண்பர்களே, இந்த 'இவ்வளவுதானா?' என்னும் கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். அதற்கு உதாரணமாக நான் சென்று வந்த ஒரு தீவை எடுத்துக்கொள்கிறேன்.

இந்துமாக்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியஸ் தீவு இருக்கிறது. அதன் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது எனலாம். ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்து உருவான நிலம் அது. 1598ஆம் ஆண்டில் அங்கே வந்திறங்கிய டச்சுக்காரர்கள், தங்கள் இளவரசர் மாரிஸின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவர்கள்தாம் கரும்பை அங்கே கொண்டுவந்தவர்கள். பறக்க அறியாத டோடோ என்னும் பறவை இனம் பூண்டோடு அழிந்துபோனதும் அவர்கள் காலத்திலேதான். 1710இல் அவர்கள் தீவை விட்டு நீங்கினர்; 1715இல் பிரெஞ்சுக்காரரும், 1810இல் ஆங்கிலேயரும் அதைக் கைக்கொண்டனர். 1968ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் அது சுதந்தர நாடாயிற்று.

இத்தீவின் தலைநகரம் போர்ட் லூயிஸ். அங்கே தங்கியிருந்தபோது, தென்மேற்குப் பகுதி முழுவதையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொன்ன ஒரு சுற்றுலாவில் நான் சேர்ந்துகொண்டேன். சிறிய பஸ் ஒன்று, பிரயாணிகள் பதினான்கு பேர், வழிகாட்டி ஒருவர். அச்சிட்ட நிகழ்ச்சிநிரலில் எரிமலை வாய், புண்ணிய ஏரி, அருவி, ஏழு நிற மண் என்று இடங்கள் வரிசையாக இருந்தன.

காலை எட்டு மணிக்கு வண்டி துறைமுகத்தை ஒட்டிய பெருஞ்சாலையில் புறப்பட்டது. கடலோரமாக ஒரு பழைய கற்கட்டடம் தென்பட்டு மறைந்தது. வழிகாட்டி அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மத்தியான உணவுக்குக் கோழியா மீனா என்று எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் நாங்கள் போய் நின்ற இடம் எரிமலை அன்று. சிறு கப்பல் பொம்மைகள் செய்து விற்கும் கடை. பழங்காலப் பாய்க்கப்பல்களைப் பார்த்து, பாய்மரமும் கயிறும் உட்பட அப்படியே சிறிய உருவில் செய்கிறார்கள். அது நுட்பமான வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை நடக்கும் அறையில் ஐந்து நிமிடமும், விற்பனை நடக்கும் அறையில் நாற்பது நிமிடமும் இருந்தோம். அடுத்தது துணிக்கடை, அதற்கடுத்தது நகைக்கடை.

கியூர்ப்பீப் என்ற மலைநகரில் 'மான்களின் பள்ளம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட எரிமலை வாய் ஒன்று உண்டு. அடிவாரம் வரையில் மரங்கள் அடர்ந்து, நடுவே சிறிது நீர் தேங்கிய பெரும் பள்ளம் அது. அங்கே எங்களுக்குக் கிடைத்த நேரம் பத்து நிமிடம். தீயும் புகையும் எதிர்பார்த்து வந்த இளைஞர் ஒருவர், "வெறும் குழிதானே!" என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினார். அந்தக் குழி எவ்வாறு தோன்றியது, காலடியில் இருக்கும் கருங்கல் எங்கிருந்து வந்தது என்று சொல்வார் இருந்திருந்தால் அவர் அவ்வாறு திரும்பியிருக்கமாட்டார்.

கங்கா தலாவ் எனப்படும் மலை ஏரிக்கு இருபது நிமிடம் கிடைத்தது. 33 மீட்டர் உயரமுள்ள சிவபெருமான் சிலையின் அடியில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். 1972ஆம் ஆண்டில் கங்கை நீரைக் கொண்டுவந்து இந்த ஏரியில் கலந்தார்கள் என்பதையும், மகா சிவராத்திரிக்குத் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாக இங்கே வருகிறார்கள் என்பதையும் நான் முன்பே படித்திருந்தேன். பிறந்த நாட்டின் நதிக்குத் திரும்பிப் போக முடியாதவர்கள், இருந்த இடத்திலேயே அந்த நதியை உண்டாக்கிக்கொண்டார்கள். ஏரியின் பெருமை இதுவே. சிலையின் உயரத்தைச் சொன்ன வழிகாட்டி இதைச் சொல்லவில்லை.

மாலை சாயும் வேளையில் சமரேல் என்ற ஊருக்கு வந்தோம். 'ஏழு நிற மண்' இருப்பது அங்கேதான். படங்களில் செந்நிறமும் ஊதாவும் மஞ்சளும் பளபளவென்று மின்னும். நாங்கள் போனபோது வானம் மூடியிருந்தது. வேலிக்கு அப்பால், வாடிய செம்மண் மேடுகள் சில, அலையலையாகக் கிடந்தன. உடன் வந்தோர் முகங்களில் ஏமாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. வாசலில் அந்த மண்ணைச் சிறு கண்ணாடிக் குழாய்களில் அடுக்கடுக்காக நிரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். நிலத்தில் காணாத நிறங்களைக் குழாயில் கண்டு பலர் வாங்கிக்கொண்டார்கள்.

உண்மையில் இந்த மண் ஓர் அரிய பாடம். எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல், வெப்பத்திலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்து களிமண்ணாக மாறுகிறது. நீரில் கரையக்கூடிய பொருள்கள் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் எஞ்சி நிற்கின்றன. இரும்பு மிகுந்த இடத்தில் சிவப்பும் பழுப்பும், அலுமினியம் மிகுந்த இடத்தில் நீலமும் ஊதாவும் தோன்றுகின்றன. வெயில் விழும் கோணத்துக்கு ஏற்ப நிறங்கள் மங்கியும் விளங்கியும் மாறும். இதை அறிந்தவனுக்கு மேகமூட்டத்திலும் அங்கே பார்க்கப் போதியது உண்டு.

அன்று இரவு கணக்கிட்டுப் பார்த்தேன். எரிமலை வாய், ஏரி, மலைக்காட்சி, அருவி, மண் ஆகிய ஐந்துக்கும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது எழுபத்தைந்து நிமிடம். கடைகளில் கழிந்ததோ நூற்றைம்பது நிமிடம். அக்கடைகளில் என் மனத்தைக் கவர்ந்த பொருள் ஒன்றுண்டு. ஆனால் அது விற்பனைக்கு வைத்ததன்று. மீதிச் சில்லறையாகக் கையில் வந்த மொரீசியஸ் ரூபாய்த் தாளில், நாம் புழக்கத்தில் விட்டுவிட்ட பழைய தமிழ் இலக்கங்கள் அச்சாகியிருந்தன.

திரும்பும் வழியில்தான் அந்தப் பயணத்தின் சிறந்த பகுதி வந்தது. சாலையின் இருபுறமும் கரும்புத் தோட்டங்கள். தோட்டங்களின் நடுவே அங்கங்கே கருங்கற்கள், சிறு கோபுரங்கள்போல, ஆள் உயரத்துக்கு மேலாகக் குவிக்கப்பட்டிருந்தன. எங்களுடன் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "ஐயா, அவை என்ன? சமாதிகளா?" என்று வழிகாட்டியைக் கேட்டார்.

அதுவரை வேடிக்கைப் பேச்சுகளை ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு வந்த அந்த மனிதர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சமாதிகள் அல்ல, அம்மா. இந்த நிலம் முழுவதும் கல்லாக இருந்தது. கரும்பு நடுவதற்காக முதலில் அடிமைகளும், அவர்களுக்குப் பின் ஒப்பந்தக் கூலிகளும் அந்தக் கற்களைக் கையால் பெயர்த்து எடுத்துக் குவித்தார்கள். என் பாட்டனாரின் தகப்பனார் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி வந்தவர். அவரும் கல் சுமந்திருக்கிறார். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே அவருடைய பெயரையும், அவருக்குக் கொடுத்த எண்ணையும் கண்டுபிடித்தோம்" என்றார்.

அவருக்குத் தமிழில் சில சொற்களுக்குமேல் தெரியாது. இவற்றை ஆங்கிலத்தில்தான் சொன்னார். அவருடைய பெயர் மட்டும் தமிழ்ப் பெயர்; அதையும் பிரெஞ்சு முறையில் எழுத்துக்கூட்டி எழுதுகிறார்.

"இதைக் காலையிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று ஆசிரியை கேட்டார்.

"இதில் விற்பதற்கு என்ன இருக்கிறது, அம்மா? என் சம்பளம் சொற்பம். கடைக்காரர்கள் தரும் தரகில்தான் என் குடும்பம் நடக்கிறது. விடுமுறைக்கு வந்தவர்களிடம் துன்பக் கதை சொல்லாதே என்பது முதலாளியின் உத்தரவு" என்று அவர் சொன்னார்.

வண்டியில் ஒருவரும் பேசவில்லை. காலையிலிருந்து அவர்மீது எங்களுக்கு இருந்த மனத்தாங்கல் அந்தக் கணமே மறைந்தது. சொல்லத் தெரிந்தவரைச் சொல்லவிடாமல் செய்திருந்தார்கள். தன் முன்னோர் சுமந்த கற்களைக் கடந்து ஒவ்வொரு நாளும் பிறரை அழைத்துச் சென்று, அவற்றைப் பற்றி வாய் திறவாதிருப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. எங்களுக்கு நேர்ந்தது ஒரு நாள் ஏமாற்றம். அவருடைய நஷ்டம் அதனினும் பெரிது.

அதன் பிறகு அவராகவே பேசினார். காலையில் 'படம் எடுக்க ஏற்ற மலை' என்று மட்டும் சொல்லியிருந்த லெ மோர்ன் என்னும் குன்றின் வரலாற்றைச் சொன்னார். தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835இல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்ல வந்தவர்களை, பிடிக்க வந்தவர்களென்று எண்ணிச் சிலர் உச்சியிலிருந்து குதித்து மாண்டார்கள் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 2008ஆம் ஆண்டு முதல் அக்குன்று உலகப் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

காலையில் பேச்சின்றிக் கடந்த கற்கட்டடம் எது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பெயர் ஆப்ரவாசி காட். மறுநாள் நாங்கள் ஐந்து பேர் வழிகாட்டி இல்லாமலே நடந்து அங்கே போனோம்.

அடிமை முறை ஒழியும் தறுவாயில் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பலில் முப்பத்தாறு இந்தியத் தொழிலாளர் வந்திறங்கினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய் கூலி. அன்று தொடங்கி 1920 வரையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைகளிலிருந்து வந்தார்கள். 1849இல் எழுந்த இந்தக் குடியேற்ற நிலையத்தில் அவர்களைத் தங்கவைத்து, பதிவு செய்து, தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பினார்கள். அவர்களுக்கும் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக் கவர்னர் லபூர்தோனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்து அத்துறைமுகத்தைக் கட்டினார் என்பதும் நாம் அறியவேண்டிய செய்தி.

இன்று அங்கே எஞ்சியிருப்பவை சில சுவர்கள், ஒரு வாயில், கடலிலிருந்து ஏறிவரும் கற்படிகள். இவ்வளவே. பளபளக்கும் நிறமில்லை, அண்ணாந்து பார்க்க உயரமில்லை. ஆயினும் எங்களில் எவரும் 'இவ்வளவுதானா?' என்று கேட்கவில்லை. அந்த ஆசிரியை படியில் உட்கார்ந்து வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதனால், சுற்றுலாவே வீண் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அறியாத நாட்டில் வாகனமும் வழித்துணையும் வேண்டும். காலம் குறைவாக உள்ளவனுக்கு அவை பேருதவி. ஆனால், பிறர் காட்டுவதை மட்டும் பார்ப்பதென்று வைத்துக்கொண்டால், அவர்களுக்கு ஆதாயம் உள்ளதையே நாம் பார்ப்போம். ஆகையால் ஓர் ஊருக்குப் போகுமுன், அதன் வரலாற்றைச் சிறிதேனும் படியுங்கள். போன இடத்தில், 'இது எவ்வளவு உயரம்?' என்பதோடு நில்லாமல், 'இதை யார் செய்தார்கள்? இங்கே யார் உழைத்தார்கள்?' என்றும் கேளுங்கள். வழிகாட்டியை மனிதராக மதித்து, அவருடைய சொந்த ஊர்க் கதையை விசாரியுங்கள். அந்த ஆசிரியையின் ஒரு கேள்வி, அச்சிட்ட நிகழ்ச்சிநிரல் முழுவதும் தராததை எங்களுக்குத் தந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளை உங்கள் ஊருக்கும் ஒரு விருந்தினர் வருவார். அவருக்கு நீங்களே வழிகாட்டி. கோபுரத்தின் உயரத்தைச் சொல்லிக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள். ஊர் ஏரியின் கரையில் அவரை ஒரு நாழிகை நிறுத்தி, அதை வெட்டியவர்களைப் பற்றியும், ஊரை விட்டுக் கடல் கடந்து போனவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். சொல்லத் தெரியவில்லையானால், உங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.