தீ நடக்கும் வேகம்



இன்றிரவு வீட்டில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தும்போது அதைச் சற்றுக் கவனியுங்கள். சிவந்த முனை மெல்ல நகர்கிறது. முன்னே எரியாத சுருள், பின்னே சாம்பல். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எரிகிறதோ, அடுத்த மணியிலும் ஏறக்குறைய அவ்வளவே எரிகிறது. இப்படி உருவம் மாறாமல் ஒரே வேகத்தில் செல்வதைக் கணித அறிஞர்கள் 'பயண அலை' என்பார்கள்.

அந்த வேகம் எப்படி அமைகிறது? எரியும் பகுதி தனக்கு முன்னால் உள்ள பகுதியைச் சூடாக்குகிறது. சூடேறியதும் அதுவும் பற்றிக்கொள்கிறது. 1883-இல் பிரெஞ்சு அறிஞர்கள் மல்லாரும் லெ ஷாத்தெலியேயும் எரிவாயுச் சுடரை இப்படி விளக்கினார்கள். 1938-இல் சோவியத் அறிஞர்கள் செல்தோவிச்சும் பிராங்க் காமெனெத்ஸ்கியும் அதை முறையான கணக்காக்கினார்கள்.

கணக்கின் சாரம் இதுதான்: வெப்பம் பரவும் திறனையும் எரியும் விரைவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், சுடரின் வேகம் அதற்கேற்ப அமையும். எரியும் விரைவு 4 மடங்கானால் சுடர் 2 மடங்கு வேகமாகும். 9 மடங்கானால் 3 மடங்கு. பள்ளிப் பிள்ளைகள் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

இதில் நமக்கு என்ன பயன்? தங்காக் வட்டாரத் தோட்டங்களில் வறண்ட மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். லாலான் புல்லும் காய்ந்து கிடக்கும். அணைக்காத ஒரு சிகரெட் துண்டு போதும். வெளியில் காற்றும் சரிவும் வெப்பத்தை முன்னே தள்ளுவதால், சுடர்க் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அடிப்படை ஒன்றே: முன்னே உள்ள புல்லுக்கு வெப்பம் எட்டாவிட்டால் அலை நின்றுவிடும். 1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை வைத்ததும் இதே நியாயத்தில்தான். வலை வெப்பத்தை வாங்கிக்கொண்டது. சுடர் வெளியே தாண்டவில்லை. லயத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி மண் தெரிய விடுவதும் அதற்காகவே.

ஆனால் பலத்த காற்றில் பொறி பறந்து வெறும் மண்ணையும் தாண்டும். லேடாங் மலையடிவாரம் போன்ற சரிவுகளில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். ஆகவே மேட்டுப் பக்கம் ஓடாதீர்கள். பிள்ளைகளோடு விலகிச் சென்று, 999-க்குத் தகவல் கொடுங்கள்.

தீ வந்த பிறகு செதுக்க நேரம் இராது. வறட்சி தொடங்குமுன்பே செதுக்கி வையுங்கள்.