நிறமற்ற மேற்பூச்சு



வீதியில் நிற்கும் மோட்டார் வண்டியின் பக்கத்தில் நம் முகம் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அம்மினுக்கு வண்ணத்தினுடையதன்று, அதன்மேல் போர்த்திய நிறமற்ற பூச்சினுடையது. பட்டறைகளில் அதனைக் ‘கிளியர்’ என்பர். அதன் கனம் ஏறத்தாழ 50 மைக்ரான், அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலின் புறஊதாக் கதிர்கள் வண்ணத்தை வெளிறச் செய்யாமல் காப்பது இம்மெல்லிய தோலே.

சென்ற ஆண்டு என் பழைய வண்டிக்கு வண்ணம் பூசக் கொடுத்தேன். பூசியவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் பயின்றவர். உறவினர் திருமணம் நெருங்கியமையால் நான் அவசரப்படுத்தினேன். “ஐயா, முதல் பூச்சு இழுக்கட்டும், கொஞ்சம் பொறுங்கள்” என்றார். ஆசிரியன் என்னும் உரிமையால் அவர் சொல்லைத் தள்ளினேன். விளைவு? உள்ளே அகப்பட்ட தின்னர் ஆவியாகி, மேற்பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறிற்று. கூரை முழுவதும் ஊசிமுனைத் துளைகள்!

அனைத்தையும் தேய்த்தெடுத்து மீண்டும் பூசினார். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. முதலில் தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கினார். முதல் பூச்சு முடிந்ததும், ஓரத்தில் ஒட்டியிருந்த மறைப்புத் தாளின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பூச்சு விரலில் ஒட்டலாம், நூலாக எழலாகாது. அந்தப் பதம் வந்த பின்னரே மறு பூச்சு. துப்பாக்கியை மிகத் தள்ளிப் பிடித்தால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். மிக நெருங்கினால் வழியும். நன்கு இறுகியபின் 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்த்துக் கம்பவுண்டினால் மெருகேற்றினார். மாதந்தோறும் மெருகேற்றுவோர் சிலர் உளர். ஒவ்வொரு முறையும் பூச்சு தேய்கிறது, விளிம்புகளில் முதலில், என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

ஒன்று என்னை உறுத்திற்று. அவர் முகத்தில் வெறும் கைக்குட்டையே கட்டியிருந்தார். பூச்சை இறுகச் செய்யும் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. அதன் புகை ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. ஒருமுறை உடல் அதற்குப் பகையாகிவிட்டால் பின்னர்ச் சிறிதளவும் மூச்சைத் திணறவைக்கும். துணி அதனைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய்வழி முகத்திற்குக் கொணரும் முகமூடி வேண்டும். “எப்போதாவது இருமல் வரும் ஐயா, சரியாகிவிடும்” என்றார்.

கூலியோடு முகமூடியின் விலையில் ஒரு பகுதியையும் கொடுத்து வந்தேன். அண்மையில் அப்பக்கம் சென்றபோது, முகம் மறைய அதனை அணிந்து பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கையை மட்டும் உயர்த்தினார், வேலையை நிறுத்தவில்லை.